நாலு உச்சியும் ஒரு மாற்றுச் சட்டையும்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் அடுத்த தீபாவளி லீவுக்குக் காந்தளூர் மலைக்குப் போக நினைக்கிறவர்கள் விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருப்பூரில் பஸ் ஏறினோம். எங்கள் பனியன் கம்பெனி ஆட்கள் ஐந்து பேர். கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமிதான் ஏற்பாடு. எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டன் பனியனும், மேலே போட கனமான காட்டன் ஹூடியும் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பக்கத்து டேபிளில் செக்கிங் பார்க்கும் முருகேசனும் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முந்தின மாதம்தான் நிமோனியா காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

அவர் மனைவி தங்கம் பஸ் வரைக்கும் வந்து, சுக்குக் காப்பி பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, இவுக சொன்னா கேக்க மாட்டாக. ஈரத்துல மட்டும் நிக்க விட்டுறாதீங்க. உங்கள நம்பித்தான் விடுதேன்."

தலையை ஆட்டினேன்.

பல்லடம் வழியாக உடுமலை ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து மறையூருக்கு வேறு பஸ், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சின்னாறு காட்டில் வளைவுக்கு வளைவு குரங்குகள். மறையூரிலிருந்து காந்தளூருக்கு ஜீப், ஆளுக்கு எண்பது ரூபாய். பூண்டு காயப்போட்ட ஒரு வீட்டின் மாடியில் தங்கினோம். வீட்டுக்காரர் சுப்பிரமணிதான் வழிகாட்டி. வனத்துறை அனுமதியை அவரே வாங்கி வைத்திருந்தார்.

மாடியில் நான் பையைத் திறந்ததும் சிரிப்பு கிளம்பியது. மாற்றுச் சட்டை, பேன்ட், துண்டு, சாக்ஸ் எல்லாம் தனித்தனியாக மடித்து பாலிபேக்கில் போட்டு ஒட்டியிருந்தேன். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகச் செய்கிறது. குழந்தைகள் தலையில் மாட்டி மூச்சுத் திணறக் கூடாதென்று எக்ஸ்போர்ட் பைகளில் ஓட்டை இருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பை போட்டு, ஓட்டைகள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் வைத்திருந்தேன்.

"ஏனுங்ண்ணா, எந்த நாட்டுக்கு ஷிப்மென்ட் போறீங்க?" என்றார் பழனிச்சாமி. "பார்கோடு ஒட்டலீங்களா?"

சுப்பிரமணி எங்கள் ஹூடியைத் தொட்டுப் பார்த்தார். "மழைக்கோட்டு யாரும் கொண்டாரலையா?"

"பனியன் ஊருக்காரனுங்க. எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றார் பழனிச்சாமி.

நானும் சிரித்தேன். காட்டன் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு காலை 6.10. மொத்தம் பதினேழு கிலோமீட்டர், நாலு உச்சி, கிளம்பின இடத்துக்கே வந்து சேரும் சுற்று. முதல் உச்சி ஒத்தமரம், 7.50. புல்லில் இருந்த பனியிலேயே முழங்கால் வரை நனைந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற கால்தான், ஏற்றம் அதற்குப் பழக்கமில்லை. பத்து அடிக்கு ஒரு முறை நின்றேன்.

இரண்டாவது கூம்புப்பாறை, 9.40. அங்கே சுப்பிரமணி எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "திரும்புறதா இருந்தா இங்கேயே திரும்பிறணும். இதுக்கு மேல போனா நாலையும் முடிச்சாத்தான் ஊடு. மேகம் வேற கூடுது. யாருக்காச்சும் முடியலையா?"

முருகேசன் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அவர் இருமியது எனக்கு மட்டும்தான் கேட்டது. வேண்டுமென்றே கடைசியில் வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னால் எல்லோர் பயணமும் கெட்டதென்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்றும் நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

எழுந்து நடந்தோம்.

மூன்றாவது காற்றுமேட்டுக்குச் சற்றுக் கீழே, 11.30க்கு மழை பிடித்தது. பத்தே நிமிடத்தில் ஹூடி ஒவ்வொன்றும் சாயப்பட்டறையில் தொட்டியிலிருந்து எடுத்த துணிபோல் கனத்தது. காற்று ஊசியாகக் குத்தியது. பழனிச்சாமி கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். உச்சியைத் தாண்டியதும் முருகேசன் ஒரு பாறையில் சாய்ந்து நின்றுவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது.

"நீங்க முன்ன போங்க அண்ணாச்சி... நா சித்த ஒறங்கிட்டு வாரேன்" என்றார். நாக்கு குழறியது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை.

"நில்லுங்க எல்லாரும்! பனியனைக் கழட்டுங்க முருகேசு. மாஸ்டர், காத்து வராம சுத்தி நில்லுங்க!"

பாறை மறைவில் அவருடைய ஈரத்துணி எல்லாவற்றையும் உருவினோம். சுப்பிரமணி தன் மழைக்கோட்டை மேலே பிடித்துக்கொண்டார். பாலிபேக்கைப் பல்லால் கிழித்தேன். உள்ளே துண்டு, சட்டை, பேன்ட், சாக்ஸ், எல்லாம் மடித்த மடிப்புக் கலையாமல் காய்ந்து இருந்தன. துடைத்துப் போட்டுவிட்டோம். பைக்கு உறையாக வைத்திருந்த, கார்ட்டன் பெட்டிக்குள் விரிக்கிற பெரிய பாலிபேக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மேலே மாட்டினேன். காலையில் சுப்பிரமணி வீட்டில் தங்கத்தின் பிளாஸ்க்கில் புதிதாக நிரப்பிய சுக்குக் காப்பி இன்னும் சூடாக இருந்தது. மூடி மூடியாகக் குடிக்க வைத்தோம்.

கால் மணி நேரம் கழித்து முருகேசன் தன்னைத்தானே குனிந்து பார்த்தார். "என்னவே இது, என்ன பேக் பண்ணி விட்டுட்டீக?"

"கார்ட்டன்ல போட்டு ஒட்டறது மட்டுந்தானுங்க பாக்கி" என்றார் பழனிச்சாமி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தது மழைக்காக இல்லை.

நாலாவது பெரியமொட்டைதான் எல்லாவற்றிலும் உயரம். ஏழாயிரம் அடிக்கு மேல் என்றார் சுப்பிரமணி. வேறு வழி கிடையாது. ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி ஏறினோம். உச்சியில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். வெள்ளை மேகத்தையும் முருகேசன் முதுகையும் தவிர நான் ஒன்றும் பார்க்கவில்லை. காந்தளூர் வந்து சேர்ந்தபோது மாலை 5.40. என் இரண்டு கால் பெருவிரல் நகங்களும் பிறகு விழுந்துவிட்டன.

திங்கள் மாலை திருப்பூரில் தங்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். கணவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "இது அண்ணன் சட்டைல்லா?" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் நடு ரோட்டில் நிற்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டிலிருந்து மீன்குழம்பு வருகிறது. நான் காப்பாற்றியது செக்‌ஷன் முழுக்கத் தெரியும். கூம்புப்பாறையில் பேசாமல் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதமாக அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கூம்புப்பாறைதான் நினைவுக்கு வருகிறது.

போகிறவர்கள் போய் வாருங்கள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புப்பாறையில் வழிகாட்டி ஒரே ஒரு முறைதான் கேட்பார். யாருடைய இருமலாவது உங்கள் காதில் விழுந்திருந்தால், அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இந்த நோட்டு செக்‌ஷனுக்கு நாளைதான் வரும். இன்று குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, தங்கத்திடம் முதலில் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை.