ஜீப்புக்குப் பத்து நிமிசம்

காலை ஆறரை என்றால் கேதீஸ்வரன் ஜீப்புக்குள் இருக்க வேண்டும். காய்ச்சலோ தலையிடியோ, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரவெட்டி வீட்டின் பக்கத்துக் கொட்டிலுக்குள் போய், கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவான். நின்ற இடத்திலேயே எஞ்சின் பத்து நிமிசம் இயங்கும். பிறகு நிறுத்துவான், இறங்குவான், கதவைப் பூட்டுவான். இதற்கும் ஒரு மனிதன் வேண்டுமா என்று கேட்கிறீர்களா? வேண்டும். கொட்டிலின் கூரை வளையில் ஒரு கமரா பூட்டியிருக்கிறது. ரொறன்ரோவில் இராச்சாப்பாட்டுத் தட்டோடு குந்தியிருந்து அவனுடைய அண்ணை சோமசேகரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பின் ரயரிலை காத்துக் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு, பார்," என்று கமரா சொல்லும். பேசுகிற கமரா அது. நல்ல விலை.

"ஓம் அண்ணை," என்பான் இவன், வளையை அண்ணாந்து பார்த்து.

இந்த "ஓம் அண்ணை"க்குள் கேதீஸ்வரனின் நாற்பத்தைந்து வயதும் அடங்கிவிடும். தகப்பன் சாகும்போது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்றிலிருந்து அண்ணைதான் அப்பா. அண்ணை படி என்றார், படித்தான். படிப்பு ஏறவில்லை. வான் ஓடு என்றார், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வருசக்கணக்காக வான் ஓடினான். வானை விற்றுவிட்டு வீட்டில் வந்து நில், நான் வரும்வரை ஒரு ஆறுமாதம் பார் என்றார். வந்து நின்றான். அது ஐந்து வருசத்துக்கு முந்திய கதை.

அந்த நேரம்தான் ஜீப்பும் வந்தது. கொழும்பில் ஒருவரிடம் வாங்கியது. சும்மா ஓடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அண்ணைக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. "முதல் ஓட்டம் சந்நிதிக்கு. நான் வந்து, நானே ஓடி, முருகனுக்குக் காட்டினாப் பிறகுதான் மற்ற இடமெல்லாம். அதுவரைக்கும் கேற்றைத் தாண்டப்படாது, சொல்லிப்போட்டன்." ஆகவே ஜீப்பை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். முந்திய சொந்தக்காரன் கொழும்பில் ஓடின ஓட்டமெல்லாம் கணக்கில்லையாம். முருகனுக்கு இதிலெல்லாம் மனத்தாங்கல் உண்டோ என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவன் "ஓம் அண்ணை" என்றுவிட்டானே!

அண்ணை வரவில்லை. முதலில் கொரோனா. பிறகு நாட்டில் பெற்றோல் இல்லை. பிறகு மகளின் கலியாணம், அதன் பிறகு முழங்கால் ஒப்பரேசன். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊரே சைக்கிள் உழக்கியது. கேதீஸ்வரன் கானையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நிரையில் நின்று பெற்றோல் வாங்கிவந்து, கொட்டிலுக்குள் நின்ற இடத்திலேயே எரித்தான். "எங்கையடா தம்பி பயணம்?" என்று நிரையில் பக்கத்தில் நின்ற முருகேசர் கேட்டார். "ஒரிடமும் இல்லை," என்று இவன் சொன்னதை அந்த மனிசன் கடைசிவரை நம்பவில்லை.

பயணம் போக வேண்டிய இடம் இல்லாமலில்லை. மனைவி கீர்த்திகா ஆசிரியை. இவன் அண்ணை வீட்டுக்கு வந்த அடுத்த வருசமே அவளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. மகள் தாரிகாவையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வாடகை வீட்டில் இருக்கிறாள். கேதீஸ்வரன் மாதத்தில் ஒருநாள், ஜீப்பை ஸ்ராட் பண்ணி நிறுத்திய கையோடு பஸ் ஏறிப் போய், மத்தியானச் சோறும் மகளின் முகமும் கண்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவான். இராத் தங்கினால் விடிய யார் ஸ்ராட் பண்ணுவது? பற்றறி செத்துப்போகுமே! வீட்டைக் கூட்டி விளக்கேற்றப் பக்கத்து வீட்டு அற்புதராணியக்கா இருக்கிறார். ஜீப்புக்குத்தான் ஆள் இல்லை. சின்னப் பிள்ளையாய்ப் போன தாரிகா இப்போது தாயின் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். போனமுறை இவன் போனபோது, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் இவனுக்குக் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கிளாஸ் அவன் நெஞ்சில் இன்னும் இருக்கிறது.

இந்தச் சித்திரையில்தான் ஜீப்புக்கு நடுக்கம் வந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமியது. பிறகு குளிர்காய்ச்சல் பிடித்த ஆள்மாதிரி உடம்பை உதறியது. முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. வளையிலிருந்து கமரா கத்தியது.

"என்னடா அது? என்ன செய்தனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. தானாத்தான் நடுங்குது."

ஒரு கிழமை நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணை, ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்: "விசர் வாகனம்! வித்துத் துலை."

கேதீஸ்வரன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். வித்துத் துலை! அன்றே கோண்டாவிலிலிருந்து சிவதர்ஷன் என்ற ஒரு வியாபாரி வந்து பார்த்தான். நடுங்குகிற வாகனமென்று தெரிந்தே, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறேன் என்று சொல்லிப்போனான். கேதீஸ்வரன் வவுனியாவுக்குப் போன் எடுத்தான். அவனால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, வீட்டு வளவெல்லாம் நடந்து நடந்து கதைத்தான்.

"ஞாயிறு குடுத்திட்டுத் திங்கள் வாறன். பெட்டியோடை வாறன்."

கீர்த்திகா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம்! உடனே உசாராகிவிட்டாள். "இஞ்சாருங்கோ, உங்களை எனக்குத் தெரியும். அதைத் திருத்திறன் அது இதெண்டு வெளிக்கிடாதையுங்கோ. வாங்கிறவர் தெரிஞ்சுதானே கேக்கிறார்? அப்பிடியே குடுத்திட்டு வாங்கோ."

"ஓம்," என்றான்.

ஆனால் பாருங்கள், மனிதன் தன் குணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வான் ஓடிய காலத்தில், கண்ணாடியில் ஒரு புள்ளி இருந்தாலும் ஆளை ஏற்றமாட்டான். நடுங்குகிற எஞ்சினை ஒருத்தன் கையில் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. 'ஐந்து வருசம் கேதீஸ் பார்த்த வாகனமாம், இப்பிடிக் கிடக்கு' என்று கோண்டாவிலில் ஒருவன் சொல்லிவிட்டால்? கராஜுக்குக் கொண்டுபோக முடியாது, கேற்றைத் தாண்டக்கூடாதே. கண்ட கண்ட ஆட்களை வளவுக்குள் விடவும் கூடாது, அதுவும் அண்ணையின் கட்டளை. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய் நாலு புதுப் பிளக்கும் நாலு புதுக் கொயிலும் வாங்கிவந்து, சனிக்கிழமை காலை ஸ்ராட் முடிந்து எஞ்சின் ஆறியதும் பொனற்றைத் திறந்தான்.

பெற்றோலைப் பற்றவைக்கிற பொறி பிளக்கிலிருந்து வருகிறது. அந்தப் பிளக்குக்கு மின்னை ஏற்றி அனுப்புகிற கொயில் அதன் தலையிலேயே குந்தியிருக்கும். எது பழுதென்று அவன் முதலே பிடித்துவிட்டான். மூன்றாவது கொயிலைக் கழற்றி முதலாவதின் இடத்தில் மாற்றிப் போட, பழுதும் கூடவே முதலாவதுக்குப் போனது. அந்தக் கொயில் செத்துவிட்டது. கள்ளன் அதுதான்.

பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றி ஒதுக்கினான். கொயிலின் கழுத்தில் இருக்கிற பிளாஸ்ரிக் கொழுக்கி வெப்பத்தில் காய்ந்து அப்பளம்போல் இருந்தது. அமுக்கி நெரித்தால் உடையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் இளக்கினான். கொயிலை இழுத்தெடுத்த பிறகு, பிளக் இருக்கிற குழிக்குள் ஊத்தை விழாமல் சைக்கிள் பம்பால் காற்றடித்து ஊதினான். பிறகு நீளக் கம்பியில் சொக்கெற்றைப் பூட்டி உள்ளே விட்டுத் திருப்ப, முதல் பிளக் கிறீச்சிட்டுக்கொண்டு கழன்று வந்தது.

கரிச்சட்டி! வெள்ளையாய் இருக்கவேண்டிய பீங்கான் முனை, அடுப்பங்கரைச் சுவர்மாதிரிக் கறுத்திருந்தது. மற்ற மூன்றும் அப்படியே. ஓடித் தேய்ந்த பிளக் இல்லை. ரோட்டில் போய்ச் சூடேறி வேகம் பிடித்திருந்தால் அந்தக் கரி தானாய் எரிந்து போயிருக்கும். தினம் பத்து நிமிசம் அரைச்சூட்டில் நின்று, நிறுத்தி, நின்று, நிறுத்தி, ஐந்து வருசப் பராமரிப்பே அதைக் கருக்கிவிட்டது. பிளக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அழுகை வருமாப்போல் இருந்தது. யாருக்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

புதுப் பிளக்கை ஒரு றப்பர்க் குழாயில் செருகி, கையாலேயே மரையில் ஏற்றினான். கோணலாய் ஏறினால் எஞ்சின் தலையே போய்விடும். அளவாய் இறுக்கி, கொயிலை அமர்த்தி, கொழுக்கி 'டிக்' என்று விழுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டான். மாற்றிய பழசுகளைப் பையில் போட்டுக் கட்டிவைத்தான். கழற்றியதை எறியக்கூடாது, தனக்குக் காட்டவேண்டும் என்பது அண்ணையின் இன்னொரு சட்டம்.

ஞாயிறு காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினான். ஐயோ, என்ன சத்தம்! சத்தமே இல்லை. எஞ்சின் இயங்குகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கேதீஸ்வரன் தன்னையறியாமல் சிரித்தான்.

வளையும் சிரித்தது. "எடேய்! இதென்னடா, புதுசு மாதிரி! ஆர் திருத்தினது?"

"நான்தான் அண்ணை. வீட்டிலை வச்சு."

"நீ ஆள் வலு கெட்டிக்காரன்தான்ரா! அப்ப ஏன் விப்பான்? அந்தப் பெடியனை வரவேண்டாமெண்டு சொல்லு. வாற ஆவணிக்கு சந்நிதித் திருவிழாவுக்கு நான் வாறன், முதல் ஓட்டம் ஓடுவம்."

கேதீஸ்வரனின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. பழைய பிளக் நாலையும் பையிலிருந்து எடுத்துக் கமராவுக்கு நேரே பிடித்தான். "அண்ணை, உது கொட்டிலுக்கை நிண்டு நிண்டே கருகிப்போச்சு. ஓடாட்டித் திரும்பவும் உப்பிடித்தான் வரும்."

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "அப்ப பத்து நிமிசம் காணாது. இனி இருபது நிமிசம் வை."

கேதீஸ்வரனின் வாய் பழக்கத்தில் திறந்தது. "ஓம் அண்ணை."

சிவதர்ஷனுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்றான். வவுனியாவுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. அவளே எடுத்தாள். இவன் விசயத்தைச் சொல்லி முடித்தான்.

"திருத்தினீங்கள், என்ன?"

இவன் முற்றத்துப் படியில் குந்திவிட்டான்.

"தாரிகா உங்கடை பெட்டிக்கு அலுமாரியிலை இடம் ஒதுக்கி வச்சிருக்கிறாள். நான் அவளுக்கு என்னத்தைச் சொல்ல? இனி வாறன் எண்டு சொல்லிப்போட்டு எடுக்காதையுங்கோ. வந்தால் வாங்கோ." போன் நின்றுவிட்டது.

மத்தியானம். ரொறன்ரோவில் சாமம், அண்ணை நித்திரை. கேதீஸ்வரன் சோறு தின்னாமல் கொட்டிலுக்குள் போய் நின்றான். கட்டிவைத்த பையை அவிழ்த்தான். செத்த கொயிலை எடுத்தான். பொனற்றைத் திறந்து, நேற்றுக் கண்ணுக்குள் வைத்ததுபோல் பூட்டிய புதுக் கொயிலில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் செத்ததைச் செருகினான். செய்த வேலையைத் தானே கெடுப்பது அவன் வாழ்வில் அதுதான் முதல்தரம். பிறகு கிணற்றடியில் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவினான்.

திங்கள் காலை ஜீப் உதறிக்கொண்டு எழும்பியது.

"என்னடா? நேற்று நல்லாத்தானே இருந்தது?"

"தெரியேல்லை அண்ணை." இதுவும் முதல்தரம்.

வித்துத் துலை என்று சொல்லும், சொல்லும், என்று வளையையே பார்த்துக்கொண்டிருந்தான். கமரா தொண்டையைச் செருமியது. "சரி, அதுக்கென்ன. நேற்றுத் திருத்தினனிதானே, திரும்பத் திருத்து. உனக்கு உது சின்ன விளையாட்டு. உன்னை விட்டால் ஆரடா எனக்கு?"

சீற் நடுங்கியது, ஸ்ரேறிங் நடுங்கியது, கேதீஸ்வரனின் பல்லும் நடுங்கியது.

"திருத்தமாட்டன்."

"என்ன?"

"திருத்தமாட்டன் அண்ணை! நான்தான் செத்த கொயிலைத் திருப்பிப் போட்டனான். பொய் சொன்னனான். எனக்குக் கீர்த்தியிட்டப் போகவேணும். என்ரை பிள்ளை எனக்குக் கிளாசிலை தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறாள், அண்ணை, வந்த ஆக்களுக்கு வைக்கிறமாதிரி!" மூக்கைச் சாரத்தலைப்பால் துடைத்தான்.

எஞ்சின் மட்டும் தன் பாட்டில் உதறிக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணையின் குரல் வந்தது. அதில் கோபமில்லை. மெய்யாகவே விளங்காத ஒரு மனிதனின் குரல் அது.

"உதை நீ முதலே சொல்லியிருக்கலாமே. போவன்ரா. உன்னை ஆர் மறிச்சது?"

கேதீஸ்வரன் சாவியைத் திருப்பி நிறுத்தினான். அண்ணையைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, கமராவைக் கல்லால் எறிய வேண்டும்போல் இருந்தது, எல்லாவற்றையும்விடத் தன் கன்னத்திலேயே இரண்டு போட வேண்டும்போல் இருந்தது. ஐந்து வருசம்! ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! இறங்கி, பொனற்றைத் திறந்து, செத்த கொயிலைக் கழற்றிப் புதுசைப் பூட்டினான். அப்படியே விட்டுவிட்டுப் போக அவனால் முடியாதே. வீட்டுச் சாவியையும் ஜீப் சாவியையும் அற்புதராணியக்காவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு ரோட்டுக்கு வந்தபோது காலை பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த பஸ்ஸுக்கு நின்றபடி கீர்த்திகாவுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"உன்னை ஆர் மறிச்சதெண்டு கேக்கிறார்."

மறுபக்கத்தில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சரி, வாங்கோ," என்றாள். "தாரிகாவுக்கு இப்ப சொல்லமாட்டன். நீங்கள் வந்து வாசற்படியிலை ஏறினாப் பிறகு சொல்லுறன்."