இரண்டு பேருக்குப் பதிவு

சலவைக் கடையில் அவளுக்குத் துணி வாங்கும் மேசையில் வேலை. கோட்டோ பேன்ட்டோ எது வந்தாலும், சீட்டுப் போடுவதற்கு முன் பைகளைத் துழாவிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்து வந்தாள். பேனா, மருந்துச் சீட்டு, பாதி தின்ற மிட்டாய், ஒருமுறை ஒரு பல்செட்டு. “காப்பி கொட்டிடுச்சு” என்று யாராவது கறையைக் காட்டினால் முகர்ந்து பார்ப்பாள். “இது காப்பி வாடை இல்லீங்களே” என்பாள். கடைப் பெண்கள் அவளுக்கு சிஐடி அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

வீட்டுத் துணிக்கும் அதே சட்டம்தான். ஒரு திங்கட்கிழமை கணவருடைய நீலச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு கிடைத்தது. அவர்கள் போகும் கத்தோலிக்கப் பங்குக் கோயில் நடத்தும் பாத யாத்திரை. வழிகாட்டியுடன் மூன்று நாள், மூன்று பழைய திருத்தலங்கள், ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். கீழே அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே, ‘பதிவு: இருவர்’.

அவள் சீட்டை இரண்டு தரம் படித்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் மனிதர்களை மேலே ஏற்றி இறக்குகிறவர், தன் காலுக்கு மட்டும் வேலை கொடுக்க மாட்டார். முக்குக் கடைக்குப் போகச் சொன்னாலே வண்டிச் சாவியைத் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார், பிரசங்கம் தொடங்கியதும் காத்து வாங்க வெளியே போய்விடுவார். அவர் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் நடக்கப் போகிறார். இருவர். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் அந்த இன்னொருவர் அவள் இல்லை.

சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த பையிலேயே வைத்தாள். அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. கண்ணைத்தான் திறந்து வைத்திருந்தாள். புதுக் கான்வாஸ் ஷூ வந்தது. வலித் தைலம் இரண்டு பாட்டில் வந்தது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் போனில் பேசினார். “வலி எப்படி இருக்கு? நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்.” அந்தக் குரலில் அவ்வளவு பணிவை அவள் கல்யாணமான புதிதில்கூடக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவரே சொன்னார். “கம்பெனி வேலையா மூணு நாள் வெளியூர் போகணும்மா.”

“சரி” என்றாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் பங்கு அலுவலகத்துக்குப் போய், யாத்திரையில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். குமாஸ்தா பெரிய நோட்டைப் புரட்டினார்.

“உங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே ரெண்டு பேருக்குப் போட்டிருக்காரே. ஒண்ணு நீங்கதானே?”

“இல்ல.”

குமாஸ்தா அதற்குப் பிறகு நோட்டை விட்டுத் தலை நிமிரவே இல்லை. அவளுடைய பேரும் எழுதப்பட்டது.

சனிக்கிழமை காலை கோயில் வாசலில் இருபது பேர் போலக் கூடியிருந்தார்கள். வழிகாட்டி ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கூட்டம் தவறிப் போகாமல் இருக்க ஒரு சிவப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தார். கணவர் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீ எங்க இங்க?”

“கம்பெனி வேலை” என்றாள். “மூணு நாள்.”

கணவருக்குப் பின்னால் அந்த இரண்டாவது ஆள் வந்தார். அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். கண்ணாடி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, வலது கையில் தடி. ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தார். அவருடைய பையும் கணவருடைய தோளில்தான் தொங்கியது.

பெண் இல்லை என்பதில் வந்த நிம்மதி ஷூ கயிற்றைக் கட்டும் நேரம்கூட நிற்கவில்லை. ஒரு கிழவரோடு கோயிலுக்குப் போக எதற்குப் பொய்? சொல்லிவிட்டுப் போயிருந்தால் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருப்பாளே!

முதல் திருத்தலம் ஒரு கிடங்குக்குப் பின்னால், சந்தின் கடைசியில் இருந்தது. பூசை வைக்கவே தடை இருந்த காலத்தில் ஒரு குருவானவரைத் தரைக்கு அடியில் பதினோரு மாதம் மறைத்து வைத்திருந்த சிற்றாலயம். வாத்தியார் பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பீரோ அளவுக்குத்தான் இடம்.

“காட்டிக் கொடுத்தது யாரு?” என்று கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டாள்.

“சமையல்காரர்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரர்னும் சொல்றாங்க. எழுத்துல எதுவும் இல்ல.”

“எழுத்துல இல்லன்னா யார் பேரையும் சொல்லாதீங்க சார்” என்றார் தடிக்காரர். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் என்று வாத்தியார் பிறகு சொன்னார்.

அந்த முதல் நாள் முழுக்க அவள் பத்தடி பின்னால் நடந்தாள். ஜெபமாலை விரலில் உருண்டது, கண் முன்னால் போகும் இருவர் மேல்தான் இருந்தது. மேடு வந்தால் கணவர் தடிக்காரருக்குக் கை கொடுத்தார். கயிறு அவிழ்ந்தால் குனிந்து கட்டினார். சாயங்காலம் தங்கிய மடத்தில், அவருடைய இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டார். ஒற்றைத் தலைவலியில் அவள் சுருண்டு கிடந்த நாளில் ஒரு மாத்திரையை நீட்டிவிட்டு டிவி பார்க்கப் போனவர் இவர்தான். ஒளித்து வைத்த அண்ணனோ? இரண்டு பேர் காதும் ஒரே அச்சா என்று உற்றுப் பார்த்தாள். இல்லை. ஏதாவது மிரட்டலோ? மிரட்டுகிறவர் முகம் இப்படிக் கூச்சத்தில் நெளியாது.

“யாருங்க அவர்?”

“தெரிஞ்சவர்.”

“எப்படித் தெரியும்?”

“ஒரு பில்டிங்ல.”

“எந்த பில்டிங்?”

“மாலை ஜெபம் ஆரம்பிச்சுட்டாங்க. பேசாம வா.”

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று வெள்ளத்தைப் பார்த்த கோயில். தூண்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அங்கே பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். கணவர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் விலகிப் போனார். மறுபடி கடைசியில் போய் நின்றார், மறுபடி விலகினார். மூன்றாம் தரம்தான் உள்ளே போனார். போனவர் வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் அவரிடமிருந்து அவ்வளவு வராது.

தடிக்காரர் மெல்ல வந்து அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரர் எனக்கு எதுக்கு இவ்வளவு செய்றார்?”

“அதத்தான் சார் நான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்.”

தடிக்காரர் தடியைப் பெஞ்சில் சாய்த்தார். பிறகு அவர் சொன்னார். போன வருடம் அச்சகக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்தது, கையில் காகிதக் கட்டோடு காலை வைத்தார், உள்ளே லிஃப்ட் இல்லை. ஒரு மாடி ஆழம். இடுப்பு முறிந்து நாலு மாதம் ஆஸ்பத்திரி.

“மூணாவது வாரம் இவர் பழம் வாங்கிட்டு வந்தார். லிஃப்ட் கம்பெனியிலேருந்து வரேன்னார். அப்புறம் சனிக்கிழமை தவறாம வந்தார். நடக்க ஆரம்பிச்சா இந்த யாத்திரை போறதா வேண்டியிருக்கேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், இவரே பதிவு பண்ணிட்டார். கம்பெனிக்காரன் எவனும் இவ்வளவு நல்லவனா இருக்க மாட்டான்மா. நான் கேஸ் போடாம இருக்கத்தான் அனுப்பி வெச்சாங்களோன்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம்.”

சனிக்கிழமை ஓவர்டைம் என்றுதான் கணவர் வீட்டில் சொல்லியிருந்தார்.

“கதவு எப்படி சார் திறந்தது?”

“வாட்ச்மேன் சாவி போட்டு நெம்பினதாலன்னு முடிவாச்சு. லிஃப்ட முந்தின வாரம்தான் செக் பண்ணியிருக்காங்க. பன்னெண்டாந்தேதின்னு அட்டையில கையெழுத்து இருக்கு. அவன் கையில சாவி இருந்தத பாத்தேன்னு நானும் எழுதிக் கொடுத்தேன். வேலைய விட்டு அனுப்பிட்டாங்க.”

எந்த மாதம் என்று கேட்டாள். அவர் சொன்னார். அந்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவர்களுடைய கல்யாண நாள். அன்றைக்குச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். அவள் நாலு தரம் போன் பண்ணினாள், நாலாவது தரம் கத்தினாள். மதியம் மூன்று மணிக்கெல்லாம் கணவர் வந்துவிட்டார். “இன்னும் ஒரு பில்டிங் இருந்துது, பரவால்ல” என்றார்.

இத்தனை நாள் துருவித் துருவித் தேடியது கைக்கு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை நடையில் அவள் கணவருக்குப் பக்கத்தில் நடந்தாள்.

“பன்னெண்டாந்தேதி அந்த பில்டிங்குக்குப் போனீங்களா?”

அவர் இரண்டு பைகளையும் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். “சாமியார்கிட்ட சொல்லிட்டேன்.”

“சாமியாரா லிஃப்ட்ல விழுந்தாரு?”

“அதையேதான் அவரும் கேட்டாரு” என்றார்.

மூன்றாம் நாள் மலைக்கோயில். பாதிப் படியில் ஒரு கல் மேடை இருந்தது. தடிக்காரர் மூச்சு வாங்க அதில் உட்கார்ந்தார். சிவப்புக் குடை மேலே போய்க்கொண்டிருந்தது. கணவர் உட்காரவில்லை. இரண்டு பேருடைய பையையும் சுமந்தபடியே நின்று சொன்னார்.

“சார், பன்னெண்டாந்தேதி நான் மேல ஏறவே இல்ல. அட்டை கீழ வாட்ச்மேன் ரூம்லதான் தொங்கும். கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போயிட்டேன்.”

“நான்தான் சார் கூப்பிட்டேன். வீட்ல தண்ணி...” என்றாள் அவள்.

“நீங்க சும்மா இருங்கம்மா.” தடிக்காரர் கணவரையே பார்த்தார். “ஏறியிருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும். அப்புறம் பாத்தேன், கதவுப் பூட்டு தேஞ்சு போயிருந்தது. மாத்தறதுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.”

தடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலைப் பற்றிக் கேட்பார், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

“அந்த வாட்ச்மேன் சொன்னான்யா” என்றார். “என் கட்டில் பக்கத்துல வந்து நின்னு சொன்னான். மெக்கானிக் மேல ஏறவே இல்ல சார், நான் கண்ணால பாத்தேன்னு. தப்பிக்கப் பாக்கறான்னு நினைச்சேன். வெளிய போடான்னேன்.”

எழுந்து, கணவர் தோளிலிருந்து தன் பையை உருவிக்கொண்டார். ஒவ்வொரு படியாகத் தடியை ஊன்றி, தனியாக ஏறினார். கணவர் பத்துப் படி பின்னால் போனார். அவர் நின்றால் இவரும் நின்றார். அவள் யார் பக்கமும் போக முடியாமல் நடுவில் ஏறினாள்.

மேலே பூசை முடிந்ததும் யாத்திரிகர் கூடத்து மேசையில் தடிக்காரர் வெள்ளைத் தாளை வைத்தார். “எழுதுங்க.” கணவர் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தடிக்காரர் சிவப்புப் பேனாவை எடுத்து வரிவரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

“‘பரிசோதிக்க இயலவில்லை’ன்னு போட்டிருக்கீங்க. இயலலையா, பண்ணலையா?”

கணவர் அதை அடித்துவிட்டுப் ‘பரிசோதிக்கவில்லை’ என்று எழுதினார்.

“நான் போன் பண்ணினதையும் சேக்கணும்” என்றாள் அவள்.

“அது தேவையில்லாத வரி” என்றார் தடிக்காரர்.

அந்தக் கடிதம் கம்பெனிக்கும் கட்டடக்காரர்களுக்கும் போனது. கணவருடைய லைசென்ஸை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள், வேலையும் போனது. இப்போது ஒரு பெட்டி செய்யும் ஆலையில் இயந்திரங்களுக்கு கிரீஸ் போடுகிறார். அவள் கடையில் சாயங்கால முறையையும் சேர்த்துப் பார்க்கிறாள். தடிக்காரர் அவர்களுடைய போனை எடுக்கவே இல்லை. ஐந்து மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். வாட்ச்மேன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

மூன்று பேரும் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் கிடங்கு. வாட்ச்மேன் கேட்டைப் பாதிதான் திறந்தார். தடிக்காரரைப் பார்த்ததும் அந்தப் பாதியும் குறுகியது.

“எதுல கையெழுத்துப் போடணும்? நான் எதுலயும் போட மாட்டேன்.”

“நீங்க போட வேண்டாம். நான் போட்டதக் கொண்டு வந்திருக்கேன்” என்றார் கணவர்.

தடிக்காரர் தன்னுடைய தாளையும் நீட்டினார். முன்பு எழுதிக் கொடுத்தது தவறு என்று அதில் எழுதியிருந்தார். வாட்ச்மேன் வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நின்றபடியே இரண்டையும் படித்தார். நடுவில் ஒரு லாரி வந்தது. கேட்டைத் திறந்து விட்டு, மூடி, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

யாரும் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. வாட்ச்மேன் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அவர்கள் திரும்பி நாலடி வைத்திருப்பார்கள்.

“சார்” என்று கூப்பிட்டார். “இதுக்கு இன்னொரு காப்பி கிடைக்குமா?”

“எதுக்கு?” என்று தடிக்காரர் கேட்டார்.

“என் மாமனாருக்கு. அவர் இன்னும் நம்பல.”

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை இருந்தது. அவள்தான் தாள்களை வாங்கிப் போய் எடுத்து வந்தாள். ஒன்றுக்கு மூன்றாக.