பக்கத்து சீட்டு பிரேக்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் இது யாருக்கு நடந்ததோ, அவருக்குப் பொய் சொல்ல வராது. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் ரிவர்ஸ் எடுத்த லட்சணத்தைப் பார்த்து, "உனக்கு வண்டி எதுக்குப்பா, நடந்தே போயேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

ஊரில் அவருக்கு 'எல்-போர்டு அக்கா' என்று பெயர். டிரைவிங் ஸ்கூலை நடத்தியது அவர் கணவர். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு வெள்ளைக் கார். வீட்டு முன்னறையில் ஒரு மேஜை. சுவரில் சாலை விதிகளின் படங்கள். அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்த மனிதர் நிமிரவே இல்லை. மாரடைப்பு.

மூன்றாவது வாரமே நாத்தனார் வந்து உட்கார்ந்தார்.

"காரை வித்துடு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"வித்துட்டு நான் என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்ச தொழில் இது ஒண்ணுதான்."

மறுநாளே அக்கா எல்-போர்டைத் துடைத்துக் காரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கணவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று எப்போதோ வாங்கி வைத்த பயிற்சியாளர் உரிமம் அலமாரியில் இருந்தது. அது கைகொடுத்தது.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால், சொல்லிக் கொடுப்பவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம்.

வம்பு அங்கேதான் தொடங்கியது.

ஒரு புதன்கிழமை. மாலை 5.20. கடைசி ஆளை இறக்கிவிட்டு அக்கா தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறார். ஒரு சந்திலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது. அக்காவின் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்பே...

டக்.

வண்டி நின்றுவிட்டது.

அக்கா திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனால் கீழே அந்தப் பெடல் அமுங்கி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ காலை எடுப்பதுபோல, மெதுவாக மேலே வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து ஓடியிருப்பார்கள். அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.

"என்னங்க... நீங்களா?"

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. தனியாக வரும்போதெல்லாம் பக்கத்து சீட்டோடு பேசுவார். நாத்தனார் சொன்னது, ராத்திரி தூக்கம் வராதது, சமைத்தால் இன்னமும் ரெண்டு பேருக்குச் சமைத்துவிடுவது... எல்லாவற்றையும் சொல்வார். அவ்வப்போது பெடல் லேசாக அசையும். அந்த அசைவு போதும், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.

சில விஷயங்கள் இடித்தன. காலையில் காரைத் திறந்தால், பக்கத்து சீட்டு முன்னால் இழுத்து விடப்பட்டிருக்கும். அவர் கணவர் ஆறடி. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் அவருக்குக் கால் நீட்ட முடியும். பெடல் ரப்பரில் ஈரம் இருக்கும். மழையே பெய்யாத வாரத்திலும்.

பழக வந்த பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, பிரேக் மேலேயே காலை வெச்சிருக்கீங்களா? வண்டி போகவே மாட்டேங்குது."

அக்கா இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார்.

"ஓட்டும்மா... ஒண்ணும் இல்ல" என்றார். கணவர் காவலுக்கு இருக்கிறார் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

நான்கு மாதம் இப்படியே போனது.

அன்று வெள்ளிக்கிழமை. மதியத்திலிருந்து மழை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பில் ஒருவரை இறக்கிவிட்டு அக்கா திரும்பினார். வழியில் ஆளில்லாத ரயில்வே கேட். தண்டவாளம் மேட்டில் இருக்கும். ஏறி இறங்க வேண்டும்.

டாஷ்போர்டில் மணி 6.41.

நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. முதல் கியரில் மேட்டில் ஏறினார். முன் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டின.

டக்.

வண்டி உதறி நின்றது. இன்ஜின் அணைந்தது.

"என்னங்க, இங்க வேண்டாம். விடுங்க."

பெடல் தரையோடு அமுங்கி இருந்தது.

நியூட்ரலுக்கு மாற்றினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது. பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். இருமியது. பிடிக்கவில்லை.

6.43.

தூரத்தில் ஒரு சத்தம். முதலில் இடி என்று நினைத்தார்.

இடி இல்லை... ஹாரன்.

"விளையாடாதீங்க! ரயில் வருது. காலை எடுங்க!"

பெடல் அசையவில்லை.

அக்கா சீட் பெல்ட்டைக் கழற்றினார். பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தை நோக்கிக் குனிந்தார். இருட்டு. பெடலைக் கையால் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினார்.

விரலில் ரப்பர் படவில்லை.

தோல் பட்டது.

ஈரம். ஐஸ் மாதிரிச் சில்லிப்பு. ஒரு பாதம்.

அவர் கை அந்தப் பாதத்தைச் சுற்றி முழுதாக மூடியது.

சின்னப் பாதம்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் கால் அக்காவுக்குத் தெரியாதா?

இது அவர் இல்லை.

ஹாரன் காதைக் கிழித்தது. கண்ணாடி முழுக்க வெளிச்சம்.

கதவைத் தள்ளினார். விழுந்தார். முட்டியால் ஊர்ந்தார். எழுந்தார். ஓடினார்.

பின்னால்...

டக்.

திரும்பினார்.

கார் தானாக உருண்டது. ஆள் இல்லாமல், சத்தம் இல்லாமல், மேட்டிலிருந்து அந்தப் பக்கம் இறங்கியது.

6.44. ரயில் கடந்து போனது.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தான். கணவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன். அக்கா காரை விட்டுப் பத்தடி தள்ளியே நின்று, கேட்டில் வண்டி நின்றுபோனதைச் சொன்னார்.

"தம்பி, அந்தப் பெடலைக் கழட்டிடு. ஆமா... அது எப்ப மாட்டினது?"

"அண்ணன் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அண்ணி. பழசு உடைஞ்சுபோச்சு. புதுசு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. பழைய இரும்புக் கடையில ஒரு கார் கிடந்துச்சு. அதுவும் டிரைவிங் ஸ்கூல் கார்தான். அதுலேர்ந்து கழட்டி மாட்டினேன்."

"அந்தக் கார் எப்படி அங்க வந்துச்சு?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ரயில் அடிச்சது அண்ணி. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அண்ணன்தான் சொன்னார்."

"எந்த கேட்?"

"நேத்து நீங்க நின்ன அதே கேட். அன்னிக்கும் மழை. ஓட்டிப் பழகின பொண்ணு குதிச்சு ஓடிருச்சு. சொல்லிக் கொடுத்தவங்க மிதிச்ச பிரேக்கை விடவே இல்லையாம். பயத்துல கால் இறுகிப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"யாரு அவரு?"

"அவரு இல்ல அண்ணி... ஒரு அம்மா. பக்கத்து ஊர்க்காரங்க. வீட்டுக்காரர் இறந்தப்புறம், அவங்கதான் தனியா ஸ்கூலை நடத்திட்டு இருந்தாங்களாம்."

 அக்கா மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்.  

"அப்போ இந்த நாலு மாசமும்... நான் அழுததையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தது அவங்களா?"