ஒன்பது பேர் படித்த தமிழ்ப் பிரிவு

வாசலில் கிடக்கும் சின்னச் செருப்புகளை எண்ணியபடியே பெங்களூரு சிவாஜிநகர்ச் சந்துகளில் நடக்கிறார் சங்கமித்ரா. ஒரு ஜோடி கண்ணில் பட்டால் போதும், நின்றுவிடுவார். "யாரும்மா உள்ள? பாப்பாவுக்கு எத்தன வயசு? எந்த ஸ்கூலு?" கையில் பெயர் எழுதும் நோட்டு, தோளில் குடை. புடவைக்குக் கான்வாஸ் ஷூ போடுகிற மிஸ் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடமாகத் தமிழ்ப் பிரிவு ஆசிரியை. படித்ததும் அதே பள்ளியில்தான். அன்று தமிழிலேயே வகுப்புக்கு மூன்று செக்‌ஷன். பெஞ்சில் இடமில்லாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தே நான்காம் வகுப்பை முடித்தாராம். எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னால் ஓட்டின் மேல் பெய்கிற மழைகூடக் காதில் விழாதாம். "அப்ப எடமில்லன்னு திருப்பி அனுப்புவாங்க. இப்ப நான் வூடு வூடா போறேன்."

வருடத்துக்கு ஒருமுறை கல்வி இலாகாவுக்குக் கணக்கெடுப்புப் படிவம் அனுப்ப வேண்டும். ஆண், பெண், தாய்மொழி, சாதி, குழாய், கழிப்பறை, தேர்ச்சி. தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர்களும் மானியமும். போன வருடம் தமிழ்ப் பிரிவில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒன்பது பேர். "ஒம்போதும் பாஸு. நூறு பர்சென்ட்டு!" என்று அவரே சிரித்தார். பத்துக்குக் குறைந்தால் பிரிவை மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

"வூடு மாறி ஆனேக்கலுக்குப் போய்ட்ட ரெண்டு புள்ளைங்களையும் சேத்து எழுதிடுங்க மிஸ். யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார் உடன் வேலை பார்க்கும் பிரபா.

சங்கமித்ரா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்பது என்றே எழுதினார். "இல்லாத புள்ளைக்கு எப்டி பாடம் நடத்துறது?"

பதில் வந்தது. தமிழ்ப் பிரிவு மூடல், அதே அறையில் ஆங்கிலப் பிரிவு, பொறுப்பு அவருக்கே.

மறுபடி அதே சந்துகள். குளோரியா அவருடைய பழைய மாணவி. நாலு தடவை கேட்டும் மகளை அனுப்பாதவள், ஆங்கிலப் பிரிவு நோட்டீஸைப் பார்த்ததும் கதவை முழுசாகத் திறந்தாள்.

"இங்கிலீஷா? அப்ப அனுப்பறேன் மிஸ். கோச்சுக்காதீங்க. நீங்க நல்லாதான் சொல்லிக் குடுத்தீங்க. அடுத்த ஸ்கூலுக்குப் போனா எல்லாம் கன்னடம், இங்கிலீஷு. ஒண்ணும் பிரியல, நின்னுட்டேன். இப்ப அபார்ட்மென்ட்ல பாத்திரம் தேய்க்கிறேன்."

சங்கமித்ரா பெயர் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினார். அன்று வேறு வீட்டுக்கும் போகவில்லை.

ஜூனில் புதிதாக முப்பத்தெட்டுப் பெயர்கள் சேர்ந்தன. பீகார், ஒடிசா, நேபாளம், ராய்ச்சூர். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் பன்னிரண்டு. "தமிழ்ன்னு கூப்ட்டப்ப வராததுங்க, பாருங்க" என்று சிரித்தவர், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

சேர்க்கை நாளன்று குளோரியா மகளுடன் வந்தாள். பதிவேட்டில் கையெழுத்துக்காகச் சங்கமித்ரா தன் மைப்பேனாவை நீட்டினார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில் முழுப்பெயரும் எழுதினாள். 'ளோ'வின் கொம்பில் இரண்டு சுழியும் பிசகவில்லை.

அடுத்த அம்மா பேனாவுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சங்கமித்ரா பக்கத்தைத் திருப்பவில்லை. குனிந்து, அந்த மையின் மேல் மெல்ல ஊதினார்.