ஊரிகம் முதல் பங்காருபேட்டை வரை, பக்கத்துப் பெட்டியில்

ரயில் பயணங்களைப் பற்றி எழுதிவரும் இந்தப் பக்கத்தில், பதினைந்து கிலோமீட்டர்கூடத் தேறாத ஒரு பயணத்தை எழுதுவேன் என்று நினைத்ததில்லை. என்னைப் போல, வளர்ந்த பிள்ளையைத் தனியாக அனுப்பிப் பழக்க நினைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் மகள் பிரிசில்லாவுக்கு இருபத்தேழு வயது. எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கடிகாரம் பார்க்கத் தெரியாது. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு எதிரிலிருக்கும் பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கும் வேலை கிடைத்தது. அவளே தனியாக வந்துபோனால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அறுபது தாண்டிவிட்டது. நாங்கள் போன பிறகு இவள் என்ன செய்வாள் என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே பயம். அந்தப் பயத்தில்தான் சரி என்றோம்.

ஒரு மாதம் கூடவே போய்ப் பழக்கினோம். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை அவள் மட்டும் லேடீஸ் பெட்டியில், நாங்கள் அடுத்த பெட்டியில் என்று முடிவானது. மாரிக்குப்பத்திலிருந்து வரும் காலைப் பாசஞ்சர், டிக்கெட் பத்து ரூபாய், ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு இவ்வளவு வியர்த்ததில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம் எங்கள் ஸ்டேஷனான ஊரிகத்திலேயே வாசல்வரை நின்றது. அவளுடைய மஞ்சள் துப்பட்டா உள்ளே போவதைப் பார்த்தேன், அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை.

பாதி வழியில் ஸ்டெல்லாவால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்துவிட்டாள்.

"பிரிசி, பயமா இருக்குதாமா? ஜெபம் பண்ணிக்கோ."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பங்காருபேட்டையில் முண்டியடித்து இறங்கினோம். லேடீஸ் பெட்டியிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். மஞ்சள் துப்பட்டா இல்லை. நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன், ரயில் நகர்ந்துவிட்டது. அந்த நொடியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்டெல்லா தண்டவாளத்தைப் பார்த்தபடி "இயேசப்பா, இயேசப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது முறை வேறு ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரு சார் நீங்க? இந்தப் பொண்ணு கண்ண மூடினு உக்காந்துனு கீது. போன் அடிக்குதுமான்னு தொட்டா, உஷ்ஷுங்குது. இன்னா ஆச்சு இதுக்கு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. ஜெபத்தை முடித்து ஆமென் சொல்வது எப்போதும் நான்தான். என் ஆமென் கேட்ட பிறகுதான் அவள் கண் திறப்பாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

"அக்கா, போன அவ காதுல வையுங்க."

நடு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, "ஆமென்" என்றேன். பழ வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமென்பா," என்றாள் பிரிசி. "ஸ்டேஷன் வந்துச்சா?"

அந்த அக்கா மாலூர் போகிறவர். வழியில் டேக்கல் ஸ்டேஷனில் அவளை இறக்கிவிட்டு, பெஞ்சில் உட்காரச் சொல்வதாகச் சொன்னார். பங்காருபேட்டையிலிருந்து டேக்கலுக்கு ஆட்டோவில் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், போய்வர ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். நாங்கள் ஏறி உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து டிரைவர் கேட்டார்.

"இன்னா சார், பொண்ணு எங்கனா ஓடிப்போச்சா?"

"பொண்ணு ஓடலப்பா, ரயிலுதான் ஓடிப்போச்சு. நீ கொஞ்சம் வேகமா போ."

அவர் சிரித்தார். வழிநெடுக எனக்கு ஒரே எண்ணம்தான். நான் இல்லாத ஒரு நாளில் இவள் எங்கேயாவது பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு, என் குரலுக்காகக் காத்திருப்பாள். ரயில் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்திருப்பாள்.

டேக்கல் பெஞ்சில் பிரிசி மதியச் சாப்பாட்டைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வேணாங்க. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்லயே இருக்கட்டும்."

பிரிசி சோற்றை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு பயமே இல்ல. நீதான் போன் பண்ணி பயமா இருக்குதான்னு கேட்ட. அப்பதான் பயம் வந்துச்சு."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"நாளைக்கு நீங்க வராதீங்க. போனும் பண்ணாதீங்க. எறங்கிட்டு நானே பண்றேன்."

நாளைக்கே விட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பேக்கரிக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம். அவளே ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்க வீட்டில் பழக்கினோம். நன்றாகச் சொல்கிறாள். ஆனால் வீட்டில் பயம் இல்லை, அதனால் இது எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியாது.

இப்படி அனுப்ப நினைப்பவர்களுக்கு: காலைப் பாசஞ்சரில் கூட்டம் அதிகம், லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்பே பார்த்து வையுங்கள். நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகிறது. தினம் போய்வருகிற ஒருவரிடம் பிள்ளையை அறிமுகப்படுத்தி வையுங்கள். ஓடும் ரயிலில் இருக்கும் பிள்ளையைப் போனில் கூப்பிடாதீர்கள்.

தவணை முடிந்து, இன்று காலை ஊரிகத்தில் அவளை ஏற்றிவிட்டு, நாங்கள் ஏறாமல் திரும்பினோம். ரயில் பங்காருபேட்டைக்குப் போய்ச்சேர வேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகிறது. போன் வரவில்லை. ரயில் தாமதமாக இருக்கலாம். இறங்கியவள் சொல்ல மறந்திருக்கலாம். இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்றால், நான் கூப்பிட்டால் பயந்து கண்ணை மூடிக்கொள்வாள். ஸ்டெல்லா என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் போனைத் தொடவில்லை.