சாக்கு நாய்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கொச்சங்காடிக்குப் போய் மொய்துவைக் கேளுங்கள். அவனும் அன்று அங்கே இருந்தான். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் "போடா வேலையத்தவனே" என்று எழுந்து போகிற ஆள் நான். கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். கிடங்கிலேயே தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறேன். இதுவோ பட்டப்பகலில் நடந்தது.

1981 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. எனக்கும் என் மனைவி பேச்சிக்கும் இருந்தது சிட்டு ஒன்றுதான். தெருவில் கிடந்த பெட்டை நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தோம். வெள்ளிக்கிழமை அதை லாரி இடித்துவிட்டது. காயத்தைவிட மூச்சுதான் மோசம், இழுத்து இழுத்து விட்டது. பேச்சி அழுதுகொண்டே மஞ்சள் அரைத்துப் பூசினாள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியர் நாணு சேட்டன்தான். மிருக ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்ட நாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்து, எங்களைப் போன்ற ஆட்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தார். வைப்பின் தீவிலிருந்து படகில் நேராக வகுப்புக்குத்தான் வருவார். "க்ளாஸுக்கு வா அழகரே. நாலு மணிக்கு முடியும். அப்படியே உன் வீட்டுக்கு வரேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை. வகுப்பு எங்கள் கிடங்கில்தான். எட்டுப் பேர் இருந்தோம். வெளியே பேய்மழை. பழகுவதற்குச் சாக்கில் வைக்கோல் திணித்து ஒரு நாய் தைத்து வைத்திருந்தார் நாணு சேட்டன். கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான். பார்த்ததும் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவிடாமல் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். நகம் வரைக்கும் பார்த்தார்.

மூன்று ஐந்து. மூச்சு நின்ற நாயின் நெஞ்சை அமுக்கும் பாடம். முதல் ஆள் நான்.

"அமுக்கு... விடு. அமுக்கு... விடு. தொடங்கியாச்சுன்னா கையை எடுக்கப்படாது, கேட்டோ? நான் போதும்னு சொல்றவரைக்கும்."

அமுக்கினேன். விட்டேன். சாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மழைநாளில் சாக்கு சில்லென்றுதான் இருக்கும். என் கைச்சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று ஒன்பது. உள்ளங்கையெல்லாம் மஞ்சள். பச்சை மஞ்சள் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவிய கை...

"சேட்டா, இது..."

"நிறுத்தாதே."

மூன்று பன்னிரண்டு. வைக்கோலின் சரசரப்பு நின்றுவிட்டது. கையில் எலும்பு தட்டியது. ஒவ்வொன்றாக... விலா எலும்பு.

"எந்தாடா அழகரே, இப்படி வேர்க்குது? சாக்கு செத்துப்போயிடும்னு பயமா?" என்றான் மொய்து. சிரிப்பு.

மூன்று பதினைந்து. கைக்கடியில்... டப். டப். டப்.

மூன்று பதினேழு. நான் அமுக்கவில்லை.

அது தானாக எழும்பியது.

ஹ்ஹ்ஹா...

மணிக்கட்டில் சூடான மூச்சு. ஈரமான நாக்கு.

"ஐயோ!"

தூக்கி எறிந்தேன். சாக்கு சுவரில் மோதி, தொப்பென்று விழுந்தது.

மொய்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாணு சேட்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் போதும்னு சொல்லலையே" என்றார்.

நான்கு இருபதுக்கு அவரோடு வீட்டுக்குள் நுழைந்தேன். நடுவில் சிட்டுவுக்கு விரித்த பாய் காலியாக இருந்தது. சிட்டு சுவரோரம் கிடந்தாள். மேலே பேச்சியின் சேலை. நாணு சேட்டன் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"எப்போ?" என்றேன்.

"மூணு மணிக்கே மூச்சு நின்னுபோச்சுங்க" என்றாள் பேச்சி. "சேலையப் போத்தப் போனேன். அப்போ நெஞ்சு உள்ள அமுங்குச்சு. விரிஞ்சுச்சு. திரும்ப அமுங்குச்சு. யாரோ கைய வச்சு அமுக்குற மாதிரிங்க... பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

நாணு சேட்டன் என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் கண்ணத் தொறந்தா. தானா மூச்சு விட்டா. நாக்க நீட்டி எதையோ நக்குனா. பொழச்சுட்டா எம்புள்ளன்னு தண்ணி மோக்க ஓடுனேன்... அதுக்குள்ள தொப்புனு சத்தம். திரும்பிப் பாத்தா, சுவத்துல மோதிக் கெடக்கா. டைம்பீஸப் பாத்தேன். மூணு பதினேழு."

அவளுக்கு மணி பார்க்கத் தெரியும், எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். சிட்டுவின் பேச்சு வரும்போதெல்லாம் அவள் இன்னும் கேட்கிறாள்.

"அவ பொழச்சுட்டாளே... யாருங்க அவளத் தூக்கி எறிஞ்சது?"

தெரியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.