இடக்கைப் பக்கம் மலை

மருத்துவமனை வாசலில் கிழக்கே பார்த்து நிற்கிறாள் லூ மெனிக். வலக்கை தானாக எழுகிறது. அதைத் தாழ்த்திவிட்டு இடக்கையை நீட்டி, "மலை இந்தப் பக்கம்" என்று முணுமுணுக்கிறாள். அதன் பிறகுதான் நடை தொடங்கும்.

பாலித் தீவின் வடகரையில், சிங்கராஜாவில், பிறந்தவள். அங்கே மலை தெற்கில், கடல் வடக்கில். தென்கரையிலுள்ள டென்பசாரில் அதே மலை வடக்கிலும் கடல் தெற்கிலும் அமைந்துவிடுகின்றன. வழி கேட்டால் தீவில் யாரும் இடம், வலம் என்பதில்லை. மலைப்பக்கம் போ, கடல்பக்கம் திரும்பு என்பார்கள். மழை மாதங்களில் மலை மேகத்துக்குள் போய்விடும். சொல்பவர் கண்ணுக்கும் தெரியாது, கேட்பவர் கண்ணுக்கும் தெரியாது.

கணவன் கெடெ சுமெர்தாவுக்குச் சிறுநீரகங்கள் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் இரு நாள் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு அவனைப் பிணைத்துவிடுகிறார்கள். சிங்கராஜாவிலும் இயந்திரம் உண்டு, இடம்தான் இல்லை. இடம் கிடைக்கும் வரையில் என்று சொல்லி டென்பசார் மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள சந்தில் அறை எடுத்தார்கள். ஊரில், பேருந்து நிலையத்தருகே, அவளுடைய சோற்றுக்கடை பூட்டிக் கிடக்கிறது. கொழுந்தன் காடெக் விடாமல் தொலைபேசியில் அழைக்கிறான்.

"அண்ணி, கடையை நான் எடுத்து நடத்தவா, இல்ல நீங்க திரும்பி வர்றீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நாலு நாள் பொறுடா."

அந்த நாலு நாள் கலுங்கான் பண்டிகையையும் தாண்டிவிட்டது.

இயந்திர அறையில் உடனிருப்பவர்களுக்கு அனுமதியில்லை. ஆகையால் நடக்கிறாள். எதிர்க்கடைக்குச் செல்லவும் ஸ்கூட்டரை எடுக்கும் நகரத்தில், நடந்து போகும் பெண் ஒரு வேடிக்கை. வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதும் கொந்த்ராவுக்கு அவளைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?"

"நான் வெள்ளைக்காரி தம்பி. ஊர் சுத்திப் பாக்க வந்தேன். மூஞ்சியைப் பாத்தா தெரியல?"

போன வழியில் திரும்புவதில்லை என்பது அவளுடைய ஒரே ஒழுங்கு. நடைபாதையில் படையலாக வைத்த பூத்தட்டுகளை மிதிக்காமல் ஒதுங்குவாள். நாய்களை விரட்டுவதற்காக வெயிலிலும் குடையை மடக்கிப் பிடித்திருப்பாள். எந்தச் சந்து ஆற்றங்கரையில் முட்டி நிற்கும், எந்தச் சந்து யாருடைய சமையற்கட்டு வழியே மறுதெருவுக்கு விடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நடை பெரும்பாலும் படுங் சந்தையில் முடியும். வடகரைக்காரர்கள் யாரையும் அழைக்கும் 'நீ' அவள் நாக்கை விட்டுப் போகவில்லை.

"நீ விக்கிற மிளகாயில காரம் இருக்கா, சிவப்பு மட்டும்தானா?"

"சிங்கராஜாவாக்கா? வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"வாயைத் திறக்காம எப்படி மிளகாய் வாங்குறதாம்?"

ஒரு நாள், சந்தையிலிருந்து திரும்பும் சாலையைக் கோயில் ஊர்வலத்துக்காக அடைத்திருந்தார்கள். வானம் மூடிக் கிடந்தது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது: "முடிஞ்சிடுச்சு, வந்து கூட்டிட்டுப் போங்க." கட்டம்போட்ட வேட்டியில் நின்ற ஊர்க்காவலனிடம் வழி கேட்டாள்.

"இந்தச் சந்துல பூந்து, நேரா கடல்பக்கம் போங்கக்கா."

கையை நீட்டிப் பார்க்க நேரமில்லை. கால்கள் சிங்கராஜாவின் கடலைத் தேடி வடக்கே நடந்தன. வீடுகள் விலகி, இடையிடையே வயல் தெரியத் தொடங்கியபோதுதான் நின்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது, தாழ்வாரத்து பெஞ்சில் கெடெ மட்டும் உட்கார்ந்திருந்தான். இயந்திரத்திலிருந்து இறங்கியதும் அவனுக்குக் குளிர் கண்டுவிடும். கம்பளிச் சட்டையோ அவளுடைய தோள்பையில் இருந்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதின.

"எங்க போன?"

"கடல்பக்கம்."

"எந்தக் கடல்?"

அவள் பையைத் திறந்தாள். சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவற்றில் ஒன்று மாறி விழுந்தது. கழற்றித் திரும்பப் போட்டாள்.

"உடம்பு இங்கயும் மனசு அங்கயுமா எத்தனை நாளைக்கு?" என்றான் கெடெ. "காடெக்குக்கு ஒரு பதிலைச் சொல்லிடு, லூ."

மறுநாள் காலை, காடெக் அழைப்பதற்கு முன் அவளே அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"உள்ள இருக்கிற அடுப்பு காத்தடிச்சா அணைஞ்சிடும். சன்னலைச் சாத்திட்டுப் பத்த வை. டிரைவருங்களுக்குக் கடன் குடுக்காத."

"அண்ணி... அப்ப நீங்க?"

"சோறு குழைஞ்சா யாரும் வரமாட்டாங்க. தண்ணி பாத்து வை," என்று சொல்லித் துண்டித்தாள்.

பிறகு சந்தைக்கு நடந்தாள். மிளகாய் அரைக்கும் குழிக்கற்களை அடுக்கியிருந்த கடையில் ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதைத் தாழ்த்திக் கேட்டாள். கனமான ஒன்றை இரண்டு கையாலும் இழுத்து வெளியே வைத்தாள்.

"வண்டி எங்கக்கா நிக்குது? கொண்டுவந்து வைக்கிறேன்," என்றான் கடைக்காரன்.

தோள்துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலை மடித்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"தூக்கி வை."